சந்தனம் குடித்த பிரேக்கர்

எங்கள் வீட்டு மின்சாரப் போர்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். ஆயுத பூஜையன்று உலையில் தொடங்கி பேனல் போர்டு வரை பொட்டு வைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. மற்ற வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறை. எங்கள் வீட்டில், நைனாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்ததிலிருந்து, வாரா வாரம்.

நைனா, என் அப்பா, இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது கம்பெனி ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. மீதியை, உலைப் புகையாக, அவரே நெஞ்சுக்குள் அடைத்து எடுத்து வந்துவிட்டார். இப்போது கவரைப்பேட்டை வீட்டின் பின் அறையில், மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த மெஷின் நாள் முழுக்கக் குறட்டை விடும். அது குறட்டை விட்டால்தான் எங்களுக்குத் தூக்கம்.

நான் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போடுகிறவன். மின்சாரத்தோடு எனக்கிருந்த உறவு, சுவிட்ச் போடுவது, அணைப்பது, ஷாக் அடித்தால் கையை உதறுவது. அவ்வளவுதான்.

ஒரு மே மாத மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது கூடத்திலிருந்து ‘டப்’ என்றது. மின்விசிறி நின்றது. குறட்டையும் நின்றது. பின் அறையில் மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

நான் செய்த முதல் காரியம், ஈரக் கையோடு போர்டை நோக்கி ஓடியது. என் மனைவி பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தாள்.

“ஏங்க, கைய தொடச்சிக்கினு போங்க. ஒருத்தர பாக்கறதுக்கே இங்க ஆள் இல்ல.”

துடைத்துக்கொண்டேன். அவள் அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து நைனாவின் குழாயை அதில் மாட்டினாள். சிலிண்டர் தலையில் மீதியைக் காட்டும் ஒரு ஊசி உண்டு. எடைமேடைக்காரனுக்கு ஊசி என்றால் கண் தானாகப் போகும். அது சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே நின்றது.

போர்டில் பெரிய பிரேக்கர் ட்ரிப் ஆகி விழுந்திருந்தது. வீடு முழுவதற்கும் அது ஒன்றுதான் வாசல். தூக்கினேன், விழுந்தது. மறுபடி தூக்கி, இந்த முறை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெளியே நிமிர்ந்திருந்தாலும் உள்ளே விழுந்துவிட்டது போல. விளக்கு வரவில்லை, விரல்தான் வலித்தது. வகுப்பில் தூங்குகிறவனின் தாடையைத் தாங்கிப் பிடித்துப் பாடம் நடத்துவது மாதிரி இருந்தது.

“டேய்,” என்றார் நைனா உள்ளேயிருந்து. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. “இன்னாடா... கை தூக்கிக்கினு... நிக்கற. சாமி வந்துச்சா?”

“ஒண்ணுமில்ல நைனா, ரெண்டு நிமிசம்.”

“உன் ரெண்டு நிமிசம்... எனக்குத் தெரியும்.”

வழக்கமாக வரும் எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். “எளாவூர் செக்போஸ்ட்டாண்ட மாட்டிக்கினேன் சார். முன்னாடி லாரி, பின்னாடி லாரி. சாயங்காலம் ஆயிடும்,” என்றார். அந்த லாரிகளில் பாதியை எடை போட்டு அனுப்பியவன் நான். யாரைத் திட்டுவது?

அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுக்கலாமே என்பீர்கள். ஒரு பக்கம் காலி மனை, வேலிக்காத்தான். இன்னொரு பக்கத்து வீட்டார் திருப்பதிக்குப் போயிருந்தார்கள், பூட்டுப் போட்டுவிட்டு. எங்கள் இன்வெர்ட்டரோ அந்த மெஷினைப் பார்த்ததுமே ஒரு கத்துக் கத்திவிட்டு, விசிறி விளக்கையும் அணைத்துக்கொண்டு படுத்துவிடும்.

“ஊசி செவப்புக்குள்ள போச்சின்னா நான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணிடுவேன்,” என்றாள் மனைவி.

“வாணாம்மா,” என்றார் நைனா. “ஏறினா... இந்த வாட்டி... எறங்கி வரமாட்டேன். இங்கயே இருக்கறேன்.”

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. போன முறை ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் தாழ்வாரத்தில் சொன்னதை அவர் படுக்கையிலிருந்தே கேட்டிருந்தார். நைனா எது சொன்னாலும் பதிலுக்கு ஒரு ஜோக் அடிப்பது என் வழக்கம். இந்த முறை போனைத்தான் எடுத்தேன்.

மச்சானை அழைத்தேன். மனைவியின் தம்பி, ரோலிங் மில்லில் பராமரிப்புப் பிரிவு. பைக்கில் பறந்து வந்தவன், கைப்பையிலிருந்து எருமைக் கன்று மாதிரி கனமான ஒரு பிரேக்கரை எடுத்தான்.

“அறுபத்திமூணு ஆம்ப்ஸ் மாமா. எங்க மில்லு சரக்கு. எங்க தெருல எல்லா ஊட்லயும் இத்தான். ஜென்மத்துக்கும் ட்ரிப் ஆவாது.”

எங்கள் வட்டாரத்தின் பெருமை அது. மில்லிலிருந்து வந்தால் வலு அதிகம் என்று எல்லோரும் நம்புவோம். ஆணியும் அப்படித்தான், பிரேக்கரும் அப்படித்தான். நானும் கையை நீட்டிவிட்டேன். பழையதில் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

“மச்சான், சின்னப் பாலத்துல பெரிய லோடு ஏத்தி அனுப்பறதுக்கு நான் சீட்டு தரமாட்டேன். சுவத்துக்குள்ள இருக்கற ஒயரு பழைய ஒயரு. இது விழாது, ஒயரு எரியும். உள்ள ஆக்சிஜன் வேற இருக்குது.”

“பயந்தாங்கொள்ளி மாமா நீ.”

“ஆமாம். அதான் இத்தினி நாள் உயிரோட இருக்கறேன். ஸ்டேஷன் ரோட்ல அதே முப்பத்திரண்டு வாங்கிக்கினு வா.”

அவன் போய் வருவதற்குள், வேலை செய்கிறவன் மாதிரியாவது தெரியட்டும் என்று சோதித்துப் பார்த்தேன். மற்ற சின்ன பிரேக்கர்களை எல்லாம் இறக்கிவிட்டுப் பெரியதை மட்டும் தூக்கினேன். அப்போதும் நிற்கவில்லை. குற்றம் ஃபிரிட்ஜிலும் இல்லை, மெஷினிலும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒயரில் டெஸ்டர் எரிந்தது. கரண்ட் வாசல்வரை வந்து காத்திருக்கிறது, கதவுதான் சரியில்லை.

மச்சான் வந்ததும் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இனி கரண்ட் வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும். எனக்கே அது இதுவரை சுலபமாக இருந்ததில்லை.

போர்டில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. டெஸ்டரே செத்திருந்தால்? மறுபடி ஃபியூஸை மாட்டச் சொன்னேன். எரிந்தது. பிடுங்கச் சொன்னேன். அணைந்தது. இன்னொரு தடவை கேட்டபோது மனைவி முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை.

“மாமா மூச்சு முட்டிக்கினு இருக்காரு. நீங்க டெஸ்டருக்கு மூச்சு பாத்துக்கினு இருக்கீங்க.”

ரப்பர் செருப்போடு பலகைமேல் நின்று மூடியைக் கழற்றினேன். மச்சான் செல்போன் வெளிச்சம் பிடித்தான். பழைய பிரேக்கரின் தலையில், திருகு இருக்கும் குழியில், மஞ்சளாய் ஏதோ கெட்டித்திருந்தது. கீறினேன். சந்தன வாசனை வந்தது. அதற்கு அடியில் பச்சைத் துரு. அதற்கும் அடியில் பிளாஸ்டிக் கருகியிருந்தது. திருகு தொட்டதுமே ஆடியது.

பன்னீரில் குழைத்த சந்தனம் வாராவாரம் வழிந்து உள்ளே போயிருக்கிறது. துருப்பிடித்துத் தளர்ந்த இடம் சூடாகி, சூடாகி, பிரேக்கர் ஒருநாள் கைவிட்டுவிட்டது.

“யாரு அக்கா இவ்ளோ சந்தனம் அப்புனது?” என்றான் மச்சான்.

மனைவி வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். அவள் காலையில் ஒரு பொட்டு வைப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது, அது போதாதோ என்று நானும் ஒன்று வைப்பேன். மெஷின் நிற்கக்கூடாது என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டதை அந்த பிரேக்கர்தான் குடித்திருக்கிறது.

கழற்றுவதற்கு முன் போனில் எடுத்த படத்தைப் பார்த்து, ஒயர்களைப் புது பிரேக்கரில் அதே இடங்களில் மாட்டினேன். கருகிய நுனியை மச்சான் வெட்டிச் சீவிக் கொடுத்திருந்தான். திருகுகளை இறுக்கி, ஒயரை இழுத்துப் பார்த்து, மூடியைப் போட்டேன். ஃபியூஸ் உள்ளே போனது. பெரியதைத் தூக்கினேன், நின்றது. சின்னதை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். பின் அறையில் குறட்டை கேட்டது.

நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிலிண்டர் ஊசி சிவப்பில் இருந்தது. மனைவி போனைக் கையில் எடுத்திருந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நைனாவிடம் போனேன். விரலில் மாட்டும் கருவி காட்டிய எண், கொஞ்ச நேரத்தில், காலையில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. அதற்குமேல் போகவில்லை. காலையிலும் அது நல்ல எண் இல்லை. புது பிரேக்கர் அவருக்கு அந்த மதியத்தைத் திருப்பித் தந்தது. வேறு எதையும் தர அதற்கு வழியில்லை. மெஷினின் குமிழை இனிமேல் திருப்ப இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததும் அப்படியேதான் இருந்தது.

“முடிச்சிட்டியா?” என்றார்.

“முடிச்சிட்டேன் நைனா.”

“பரவால்ல. ஊட்லயே... இருக்கறேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி பழக்கத்தில் சந்தனம் குழைத்துவிட்டாள். போர்டு பக்கம் போகாதே என்று சொன்னேன். கிண்ணத்தோடு கூடத்தில் நின்றாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சரி, எங்காவது வை என்று சொல்லலாம்தான். எனக்கும் எந்த இடமும் தோன்றவில்லை.

“இங்க கொண்டாம்மா,” என்றார் நைனா, நெற்றியைக் காட்டி. “அடுத்து... ட்ரிப் ஆவறது... நான்தான்.”

அவள் வைத்தாள். வழியாமல், சின்னதாக. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எப்போதும் போல நான் பதிலுக்கு ஒன்று அடிப்பேன் என்று காத்திருந்தார்.

மெஷின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.