அவரிடம் இருந்த நகல்

எடப்பாடியில் விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை. பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, பென் டிரைவில் ஏற்றித் தறிக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன். இத்தனை வருட டிசைன்களும் ஒரே ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று தெரியும். எடுக்கவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் காலை அதைச் சொருகியதும் உள்ளே நகத்தால் சுரண்டுவதுபோல் சத்தம் வந்தது. பிழையைச் சரிசெய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது டிஸ்க்கை இன்னும் கெடுத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வேண்டாம் என்று அழுத்தினேன். தீபாவளிக்காக வரைந்துகொண்டிருந்தவற்றை முதலில் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அவை வந்துவிட்டன. பழைய பார்டர்களை மாற்றும்போது பாதியில் சத்தம் நின்றது. அதன்பின் டிஸ்க் இருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டவில்லை.

சேலத்தில் பழுது பார்க்கும் கடைக்காரர் அதைக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே தட்டு கீறிவிட்டது, வெளியூருக்கு அனுப்பினாலும் கிடைப்பது சந்தேகம் என்றார். அழுகை வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என்னென்ன போயிற்று என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடிக்கும்போதுதான் அவர் ஞாபகம் வந்தது.

நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் வரைந்தவர். பிரிந்து போகும்போது என் டிசைன்களை எல்லாம் கேட்காமல் நகல் எடுத்துக்கொண்டு போனார். பிறகு என் பார்டர்கள் பள்ளிபாளையத் தறிகளில் ஓடுவதைப் பார்த்து, போனில் வாய்க்கு வந்தபடி பேசினேன். அதற்குப் பின் பேச்சில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பள்ளிபாளையம் போனேன். கதவைத் திறந்தவர் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். நடந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"எல்லாம் இருக்குதுங்க அக்கா. பேரைக்கூட மாத்தலை," என்றார்.

நான் வைத்த பெயர்களோடு, நான் செய்த எழுத்துப் பிழைகளோடு ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன. புது டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். நகல் ஏறும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது கேட்டார்.

"நான் இதை ஓட்டறதைப் பத்தி இனிப் பேச மாட்டீங்கள்ல?"

"பேச மாட்டேனுங்க," என்றேன். மனம் ஒப்பிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னேன்.

வீட்டில் திறந்து பார்த்தபோது என்னுடையதல்லாத ஒரு ஃபோல்டரும் சேர்ந்து வந்திருந்தது. அவரே வரைந்த முந்திகள். சில என்னுடையதைவிட நன்றாக இருந்தன. அழித்துவிடட்டுமா என்று போனில் கேட்டேன்.

"இருக்கட்டுங்க அக்கா. என்கிட்டயும் வேற நகல் இல்லீங்க."

அந்த வாரமே இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதிலும் ஏற்றி, ஆத்தூரில் தங்கை வீட்டு பீரோவில் வைத்தேன். அவருடைய முந்திகளும் அதில் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதியவற்றைச் சேர்த்துவிட்டு வருகிறேன்.