சவுனா என்றுதான் எழுதியிருந்தது

என் மனைவிக்குக் கோபம் வந்தால் ஏசமாட்டாள். பேசாமல் இருந்துவிடுவாள். மற்ற நாட்களில் என்னை நக்கலடித்துக்கொண்டே இருப்பாள். நான் சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டியிருப்பதையும், மேலாளர் தொலைபேசியில் எடுத்தால் கதிரையை விட்டு எழும்பி நிற்பதையும், ரயிலில் யாராவது என் காலை மிதித்தால் நானே மன்னிப்புக் கேட்பதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக் கேட்கும்வரை எங்கள் வீட்டில் எல்லாம் சரி. மக்காவ் போய்த் திரும்பும் விமானத்தில் எனக்கு இருந்த பயம் இதுதான். நடந்ததை அறிந்தால் அவள் நக்கலடிப்பாளா, பேசாமல் விடுவாளா?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒஸ்லோவுக்குக் கொஞ்சம் தள்ளி, திராமன் நகரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு ஹொங்கொங்கில் ஒரு சிநேகிதன். அந்தச் சிநேகிதனின் மகனுக்குக் கலியாணம். மச்சான் போக வெளிக்கிட்டதும் என் மனைவிக்கு யோசனை பிடித்துவிட்டது. மச்சானுக்குச் சீட்டாட்டம் என்றால் உயிர். சாதாரண முன்னூற்றி நாலு ஆட்டத்துக்கே சாப்பாட்டை மறப்பவன். ஹொங்கொங்குக்குப் பக்கத்தில்தான் சூதாட்டத்துக்குப் பேர்போன மக்காவ் இருக்கிறது என்பதை அவள் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள்.

"நீங்களும் கூடப் போங்கோ. அவனுக்குக் காவலாய் இருங்கோ" என்றாள்.

"எனக்கு ஆர் காவல்?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். "உங்களுக்கோ? கடைக்காரி மிச்சக் காசு தரேக்கையே நிலத்தைப் பாக்கிற ஆளுக்கோ?"

இப்படித்தான் நான் போனேன். கலியாணம் முடிந்த மறுநாள் காலையிலேயே மச்சான் என்னை மக்காவ் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டான். காவலுக்குப் போனவன் அங்கேயே தோற்றுப்போனேன்.

அந்த ஊரின் சூதாட்ட மண்டபத்துக்குள் கூரையில் வானம் கீறியிருந்தார்கள். நீல வானம், வெள்ளை முகில். வெளியே மழை பெய்தது. உள்ளே எப்போதும் பின்னேரம் நாலு மணி வெயில். மச்சான் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டான். நான் கொஞ்ச நேரம் பின்னால் நின்றேன்.

"அத்தான், நீங்கள் பின்னாலை நிண்டு மூச்சு விட்டா எனக்குச் சீட்டு வராது. போய் ஊரைப் பாத்திட்டு வாங்கோ."

ஊரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்ற ஆட்கள் சின்னச் சின்ன அட்டைகளை நீட்டினார்கள். எனக்கு ஒருவர் நீட்டுவதை வாங்காமல் போகத் தெரியாது. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் நிற்பவர்கள் தேவாலயத்துக்கும், உடற்பயிற்சிக் கூடத்துக்கும், கட்சிக்கும் என்று தருகிற எல்லாத் துண்டுகளையும் வாங்கிக்கொண்டுதான் நான் வேலைக்குப் போவேன். அங்கேயும் அப்படியே வாங்கி, நன்றி சொல்லி, பைக்குள் வைத்தேன். அடுத்த சந்தியில் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெண்ணின் படம் இருப்பதைக் கண்டேன். போட்டிருந்த உடுப்பு அந்த மழைக்குப் போதாது. அவசரமாகக் குப்பைத்தொட்டி தேடினேன். தொட்டி கிடைத்தது. ஆனால் கடதாசிக்குத் தனித் தொட்டி இல்லையே என்று அதன் முன்னால் அட்டைகளோடு நான் யோசித்து நின்றதை ஒரு கிழவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டுக் குப்பையைப் பச்சைப் பையிலும் ஊதாப் பையிலும் பிரித்துப் பழகியவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு முழங்கால் உளையத் தொடங்கியது. நான் ஒஸ்லோவில் பேருந்து கழுவுகிறவன். குனிந்து நிமிர்ந்து தேய்ந்த கால். அந்த நேரம் எதிரே இருந்த கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தது. எல்லாம் சீன எழுத்து. அதன் கீழே ஐந்து ஆங்கில எழுத்து. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டாமலே வாசிப்பேன். சவுனா.

நோர்வேயில் இருக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்களுடைய ஊரில் சவுனா ஒரு மரியாதையான இடம். கடலோரத்தில் மிதக்கிற மர அறை. உள்ளே சூடு பிடித்து, வியர்த்து, பிறகு குளிர்ந்த கடலுக்குள் குதிக்க வேண்டும். என் மேலாளர், அவர் மனைவி, அவருடைய மாமியார் மூவரும் ஒரே பலகையில் இருந்து ஓய்வூதியத்தைப் பற்றிக் கதைப்பார்கள். வேலையிடத்துச் சிநேகிதர்கள் என்னை முதலில் கூட்டிப்போனபோது நான் முழங்கால் வரை காற்சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு போனேன். இப்போது பனியனைக் கழற்றும் அளவுக்கு முன்னேறிவிட்டேன். முழங்காலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஆகவே உள்ளே போனேன்.

நன்றாகத்தான் கவனித்தார்கள். உடுப்பை வைக்க ஒரு பெட்டி, அதன் திறப்பை மணிக்கட்டில் கட்ட ஒரு பட்டி, போட்டுக்கொள்ள ஒரு துவாய் அங்கி. சுடுநீர்த் தொட்டி இருந்தது. நீராவி அறையும் இருந்தது. அதுவரை எங்கள் சவுனாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முழங்கால் இளகியது. அதற்குப் பிறகு ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சாய்வுக் கதிரைகளில் அங்கி போட்ட ஆண்கள் படுத்திருந்து உதைபந்தாட்டம் பார்த்தார்கள். கேட்காமலே ஒரு கோப்பை நூடில்ஸ் சூப்பும் வெட்டிய பழமும் கொண்டுவந்து வைத்தார்கள். நோர்வேக்காரர் இவர்களிடம் கொஞ்சம் படிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது பாட்டுப் போட்டார்கள். முன்னால் இருந்த மேடையில் இளம் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவருடைய உடுப்பிலும் வட்ட அட்டையில் ஒரு எண் குத்தியிருந்தது. ஏதோ போட்டி, எங்களைப் புள்ளி போடச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். கறுத்தக் கோட்டுப் போட்ட மேற்பார்வையாளர் கதிரை கதிரையாக வந்தார். என் முன்னால் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "எந்த எண்?"

நான் நோர்வேக்குப் போன நாளிலிருந்து எண்ணோடுதான் சீவிக்கிறேன். மருந்துக்கடையில் ஒரு துண்டை இழுத்து, அதில் உள்ள எண் சுவரில் வரும்வரை காத்திருப்பேன். வெதுப்பகத்திலும் அப்படித்தான். கடவுச்சீட்டு எடுக்கும் இடத்திலும் அப்படித்தான். யாராவது எந்த எண் என்று கேட்டால் என் எண்ணைக் காட்ட வேண்டும் என்பது என் எலும்பில் ஊறிய பழக்கம். மணிக்கட்டைத் தூக்கிப் பெட்டித் திறப்பைக் காட்டினேன்.

"நாற்பத்தேழு" என்றேன்.

அவர் மிகவும் திருப்தியோடு மேடையைப் பார்த்து ஏதோ சொன்னார். நாற்பத்தேழு என்று குத்தியிருந்த பெண் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கையை இழுக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. என் பழக்கப்படி மன்னிப்புக் கேட்டேன். இது என் பெட்டியின் எண், நான் காத்திருக்கிறவன் என்று சொன்னேன். எங்கள் இருவரிடமும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. திறப்பைக் காட்டினேன், அவளுடைய எண்ணைக் காட்டினேன், மருந்துக்கடையில் துண்டு இழுப்பதுபோல் நடித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பு குலுங்கியது.

நான் எழும்பப் போனேன். அவள் அங்கியின் நுனியைப் பிடித்து இருத்தினாள். மேற்பார்வையாளர் நின்ற பக்கம் கண்ணைக் காட்டினாள். இப்போதே திருப்பி அனுப்பினால் நீ என்ன பிழை விட்டாய் என்று தன்னிடம்தான் கேட்பார்கள் என்று விளங்கப்படுத்தினாள். சூப்பைக் குடித்து முடி என்றாள்.

குடித்தேன். பக்கத்துக் கதிரையில் அவள் இருந்து, உயரக் குதிச் செருப்பைக் கழற்றி, காலை நீட்டினாள். விரல்கள் சிவந்து கிடந்தன. எனக்கு என்ன செய்வது என்று தெரியாததால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் சீனாவின் வடக்கே, பனி கொட்டுகிற ஊரைச் சேர்ந்தவள். பனியைப் பற்றிக் கதைத்தோம். வழுக்குகிற பனியில் எப்படி நடப்பது என்று இருவரும் இருந்த இடத்திலிருந்தே தோளை ஆட்டிக் காட்டினோம். சூப் ஆறிப்போய், பழமும் முடிந்த பிறகு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தானே மேற்பார்வையாளரிடம் போய் என் முழங்காலைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் வெளியே வந்தேன்.

வாசலில் மச்சான் நின்றான். மேசையில் தோற்றவன் என்னைத் தேடி வந்திருக்கிறான். அவன் பெயர்ப்பலகையைப் பார்த்தான், என் ஈரத் தலையைப் பார்த்தான்.

"அத்தான்," என்றான் மெதுவாக, "நீங்களே இது?"

"சவுனா எண்டுதான் எழுதியிருந்தது."

அவன் நடைபாதையில் குந்தியிருந்து சிரித்தான். முழுக் கதையையும் சொல்லவைத்துவிட்டு மறுபடியும் சிரித்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு, "அத்தான், உதுக்குக் காசு குடுக்கிறது நோர்வேயிலை குற்றம், தெரியுந்தானே? வெளிநாட்டிலை செய்தாலும் பிடிப்பினம். உங்கடை சிவப்புக் கடவுச்சீட்டோடை சட்டமும் சேர்ந்து பறக்குது" என்றான்.

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

"அதை எனக்கு ஏன் சொல்லுறியள்? அக்காவுக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி, சனிக்கிழமை என்ரை மகளின்ரை பிறந்தநாளுக்கு எல்லாரும் வருவினம். கதையை நான் அங்கை அவிழ்த்து விடுறன்."

ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கியபோது என் தலை சரியாக இல்லை. பச்சை வழியால் வெளியே போவதற்குப் பதிலாக, அறிவிக்க ஏதாவது இருப்பவர்கள் போகும் சிவப்பு வழிக்குள் போய்விட்டேன். சுங்க அதிகாரிப் பெண் புன்னகையோடு, என்ன அறிவிக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். நான் நோர்வேஜிய மொழியில், "நான் ஒன்றும் செய்யவில்லை" என்றேன். அவள் புன்னகையை எடுத்துவிட்டு என் பெட்டியை முழுவதும் கிளறினாள். மனைவிக்கு வாங்கிய பாதாம் பிஸ்கட் தூளாகியது. மச்சான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கை காட்டினான்.

ஒஸ்லோவின் ஓரத்தில் வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, சோபாவில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்றேன்.

"உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"நிண்டு சொல்லுறியள். அப்ப மேலாளருக்குச் சொல்லுற மாதிரி ஏதோ பெரிசு."

சொன்னேன். அட்டைகளுக்குச் சிரித்தாள். பனியனைக் கழற்றினீர்களோ என்று கேட்டாள். மேடைக்கு வந்தபோது அவளுடைய கை மடிப்பதை நிறுத்தியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டே முடித்தேன். ஒளிக்கக் கூடாது என்று கடைசியில் இதையும் சொன்னேன். குடும்பம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டபோது, அங்கிப் பைக்குள் வைத்திருந்த தொலைபேசியை எடுத்து என் மனைவியின் படத்தைக் காட்டியிருந்தேன்.

"என்ரை படத்தையோ? அந்த இடத்திலையோ?"

"ஓம்."

அவள் பேசவில்லை. இரண்டு துவாயை மடித்தாள். ஒரு காலுறைக்குச் சோடி தேடினாள். நான் பயந்தது வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எந்தப் படம்?"

எடுத்துக் காட்டினேன். மாசி மாதக் குளிரில் எடுத்த படம். தொப்பி, சால்வை, தடித்த மேலங்கி. கண் மட்டும்தான் தெரியும்.

"என்ன சொன்னவள்?"

"வடிவெண்டவள்."

"மூக்கும் தெரியேல்லை, எதை வைச்சு வடிவெண்டவள்?" அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. "நாள் முழுக்க உந்தச் செருப்போடை நிக்கிறவளோ?"

"அப்பிடித்தான் போலை. விரல் எல்லாம் சிவந்திருந்தது."

"உப்புத் தண்ணியிலை விடவேணும்" என்றாள், தன்னுடைய காலைப் பார்த்துக்கொண்டு. பிறகு கேட்டாள்: "அவளுக்கு என்ன பேர்?"

"கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ?"

"நாற்பத்தேழு எண்டுதான்..."

அன்றைக்குத்தான் அவள் என்னை ஏசினாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அப்படி ஏசியதில்லை. "அவளோடை இருந்து சூப்பைக் குடிச்சிருக்கிறியள், பழம் சாப்பிட்டிருக்கிறியள், பனியிலை எப்பிடி நடக்கிறது எண்டு பாடம் எடுத்திருக்கிறியள். என்ரை படத்தைக் காட்டியிருக்கிறியள். பேரைக் கேக்க வெக்கமோ? என்ரை இல்லத்திலை நினைவு தப்பின கிழவியளைக்கூட அறை எண் சொல்லிக் கூப்பிட்டா நான் விடமாட்டன். இதென்ன மனிசன்!" மடித்த உடுப்பை எல்லாம் அள்ளிக்கொண்டு அறைக்குள் போனாள். எல்லாக் குற்றத்துக்கும் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இருக்கவில்லை.

சனிக்கிழமை திராமனுக்குப் போனோம். கேக் வெட்டி, றோல்ஸ் பலகாரத் தட்டுச் சுற்றி வந்து, ஆட்கள் வட்டமாக இருந்ததும் மச்சான் தொண்டையைச் செருமினான். "இவர் எங்கடை அத்தான் இருக்கிறார் எல்லோ..."

"நீ பொறு," என்றாள் என் மனைவி. "உனக்கு வடிவாச் சொல்லத் தெரியாது."

கதையை அவளே சொன்னாள். கூரை வானத்திலிருந்து தொடங்கினாள். மருந்துக்கடைத் துண்டை நான் இழுத்ததைவிட நன்றாக இழுத்துக் காட்டினாள். சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. மச்சான் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பார்த்தான். அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி வந்த இடத்தில் என் மனைவி எண்ணைச் சொல்லவில்லை. கொஞ்சமும் தடுமாறாமல் ஒரு பெயரைச் சொன்னாள். கேட்பதற்குச் சீனப் பெயர் போலவே இருந்தது. கதை முடியும்வரை அந்தப் பெயரைத்தான் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவள் வைத்த பெயர்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் முழங்கையால் இடித்தார். "பேர் விசாரிக்கிற அளவுக்குப் போயிருக்கிறீர், என்ன?"

நான் நிலத்தைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி சொன்னாள்: "அவர் அப்பிடித்தான் அண்ணை. பாத்தா ஒண்டும் தெரியாது."