மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு நிச்சயங்கள்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை என்பார்கள். அந்த ஆயிரம் பொய்யும் முதலில் வந்து இறங்கும் இடம் கல்யாணத் தகவல் நிலையம்தான். பெங்களூர் தொம்மலூரில் கோமளம் அம்மாள் நடத்திய ‘பூச்சரம்’ நிலையத்தில் அவற்றை வாசலிலேயே மடக்கிப் பிடிக்க ஓர் ஆள் இருந்தாள். பெயர் மரகதம். முன்னறையில் தர்ஷினி சிரித்த முகத்தோடு வந்தவர்களை உட்கார வைப்பாள். பின்னறையில் மரகதம் இருப்பாள். அவள் சிரித்துப் பார்த்தவர் எவருமில்லை.

குடியாத்தத்துக்காரி. கணக்கில் பட்டம் வாங்கிக்கொண்டு தொண்ணூற்றிரண்டில் பெங்களூர் வந்தாள். ஈஜிபுராவில் ஒற்றை அறை, டைப்பிங், டேட்டா என்ட்ரி என்று உருண்டு புரண்டு, கடைசியில் டேட்டாபேஸ் என்கிற சங்கதியில் நிலைத்தாள். கோமளம் அம்மாளிடம் மூட்டை மூட்டையாகக் கிடந்த ஜாதகங்களையும் படிவங்களையும் தொண்ணூற்றொன்பதில் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியது அவள்தான். அதற்குத் தேர்ந்தெடுத்தது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேர். அதை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.

“சும்மா குடுக்கறான்னா அதுல ஏதோ இருக்கும்மா,” என்றாள் கோமளம் அம்மாள்.

“இருந்தா திறந்து பாத்துடலாம்மா. மூடி வெச்சிருந்தாதான் எனக்கு பயம்.”

பயத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தாறு வயதில் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையை இன்ஜினீயர் என்றார்கள். பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது, அவன் இன்ஜினீயரும் இல்லை, ஏற்கெனவே ஒருத்திக்குத் தாலி கட்டியவன் என்று. அன்றோடு சரி. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டினாள். பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்க்காமல் வாங்கமாட்டாள்.

அந்தக் குணம் அவள் வேலைக்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. தர்ஷினியின் பாஸ்வேர்டில் பெயரும் படிப்பும் தெரியும், பெண்களின் போன் நம்பர் தெரியாது. கோமளம் அம்மாளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது. “என் கடையில எனக்கே பீகமா?” என்று அந்த அம்மாள் பூட்டுக்குக் கன்னடம் பேசிச் சலித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை தோறும் மரகதம் மொத்த டேட்டாபேஸுக்கும் நகல் எடுப்பாள். எடுத்ததோடு விடாமல், மூலையில் இருந்த பழைய மிஷினில் அந்த நகலை உயிர்ப்பித்து, தலைகளை எண்ணிச் சரிபார்ப்பாள். பிறகு உயிர்ப்பித்ததை மட்டும் அழித்துவிடுவாள், நகல் பத்திரமாக இருக்கும். வாரா வாரம் சமைத்துக் கொட்டுகிற கதை இது என்று தர்ஷினி கேலி செய்வாள். இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு நடுவே நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரஸ் தானே வரிசையாக எழுதி வைக்கும். அந்தக் குறிப்பும் உடனுக்குடன் பழைய மிஷினுக்குப் போய்ச் சேரும்படி செய்திருந்தாள்.

முதல் நாள் சோதனைக்காக யாராவது ஒருவர் பெயரைப் போட வேண்டியிருந்தது. தன் பெயரையே போட்டாள். வரிசை எண் ஒன்று: மரகதம், நிலை: தேடுகிறார். பிறகு அதை எடுக்கப் போனபோது கோமளம் அம்மாள் விடவில்லை.

“இருக்கட்டும்மா. சோறா கேக்குது?”

2006-ல், விவேக் நகரிலிருந்து பரத் என்பவர் வந்தார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தன் விவரத்தைத் திருத்த வேண்டும் என்றார். திருத்த வருகிறவர்கள் வயதைக் குறைப்பார்கள், சம்பளத்தைக் கூட்டுவார்கள். மரகதம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அக்கா முப்பத்தாறுன்னு எழுதிட்டாங்க மேடம். எனக்கு முப்பத்தொம்போது. அந்த போட்டோவும் பழசு. இப்ப இவ்ளோ முடி இல்ல.”

ஏழு வருடத்தில் தன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ள வந்த முதல் ஆள் இவர்தான். மரகதத்துக்கு அந்த இடத்திலேயே மனசு கொஞ்சம் அசைந்தது; அசைந்தது என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் அவர் வருவார், டீ குடிப்பார்கள், அவர் சொன்னதையெல்லாம் அவள் ரகசியமாக விசாரித்துப் பார்ப்பாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் சொன்னார்:

“என் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க.”

“வரன் அமைஞ்சிடுச்சா?”

“அது வரிசை எண் ஒண்ணு சொல்லணும். லிஸ்ட்ல உங்க பேரப் பாத்தேன். யோசிங்க. அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வரேன்.”

வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்கலாம், இதை எப்படிப் பார்ப்பது? அந்தச் சனிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு, வந்தது வரட்டும் என்று கீபோர்டை இழுத்தாள். வாயால் சொல்ல அவளுக்கு வெட்கம். தன் நிலையையும் அவர் நிலையையும் ‘நிச்சயமானது’ என்று மாற்றிவிட்டு, அவர் வந்ததும் திரையைக் காட்டிவிடலாம் என்பது திட்டம்.

எப்போதும் முதலில் ஒரு வரி அடிப்பாள். அதை அடித்துவிட்டால், செய்ததை உறுதி செய்யும்வரை வாபஸ் வாங்கலாம். அன்று சந்தோஷத்தில் அதை அடிக்கவில்லை. போகட்டும், யாருடைய நிலையை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் அடிக்கவில்லை. என்டரைத் தட்டினாள். திரை பதில் சொன்னது: மாற்றப்பட்டவை, 3218.

பெங்களூரில் ஒரே நொடியில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினெட்டுப் பேருக்கு நிச்சயமாகிவிட்டது.

முன்னறையிலிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. “அக்கா, இந்தம்மா பொண்ணுக்கு பையன் பாக்கறாங்க. ஒரு மாப்பிள்ளகூட மிச்சம் இல்லன்னு காட்டுது?”

மறுநாள் ஞாயிறு, வரன் சந்திப்பு. நானூறு குடும்பங்கள் வருகின்றன. பெயர்ப் பட்டியல் இரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மரகதம் நேரே கோமளம் அம்மாளிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், யாருக்காகச் செய்தாள் என்பதையும் சேர்த்து. அந்த அம்மாள் வாயைப் பிளந்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“இத்தினி பேருக்கு பந்தி எங்கம்மா போடறது?”

“எல்லாரையும் திருப்பி ‘தேடுகிறார்’னு மாத்திட்டா போச்சு,” என்றாள் தர்ஷினி.

“அதுல தொள்ளாயிரம் பேருக்கு நெஜமாவே கல்யாணம் ஆயிடுச்சு. பிள்ளைய தூக்கிட்டு நாளைக்கு வந்து நிப்பாங்க,” என்றாள் மரகதம்.

பழைய மிஷினுக்கு முன் உட்கார்ந்தாள். நூற்றுக்கணக்கான வெள்ளிக்கிழமைகளில் செய்த வேலை. நேற்றைய நகலை எழுப்பி, அதன்மேல் இன்றைய குறிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டி, பதினொன்று நாற்பத்து நான்கோடு நிற்கச் சொன்னாள்.

பரத் பன்னிரண்டுக்கு மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். கோமளம் அம்மாளே எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். அவர் மெல்ல வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எனக்கு மட்டும்தான் சரின்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

மரகதம் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மிஷின் நின்றது. எண்ணினாள். நிச்சயமானவர்கள் தொள்ளாயிரத்து நான்கு, மற்றவர்கள் தேடுகிறார்கள். காலையில் தர்ஷினி சேர்த்த இரண்டு பேர்கூட இருந்தார்கள். பட்டியல் அச்சகத்துக்குக் கிளம்பியது.

வரிசை எண் ஒன்று மறுபடியும் தேடிக்கொண்டிருந்தாள். சொன்ன சம்மதம் சொல்லாததாக ஆகிவிட்டது. இது வேண்டாம் என்று காட்டும் சகுனமோ என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஏமாந்தபோது எல்லோரும் எதையாவது மறைத்தார்கள். இன்று தான் செய்த தப்பை ஊருக்கே சொல்லியும் இந்த மனிதர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு மனசு நிறைந்து போயிற்று.

கீபோர்டை இழுத்தாள். முதல் வரியை அடித்தாள். நிபந்தனையை அடித்தாள், இரண்டு முறை படித்தாள். என்டர். மாற்றப்பட்டவை, 2.

“இன்னும் வாபஸ் வாங்கலாம்,” என்றாள். “அடுத்த வரி அடிச்சா உறுதி.”

“எண்ணிப் பாத்தீங்களா?”

“ரெண்டு.”

“அப்ப சரியாத்தான் இருக்கு.”

அவள் அடுத்த வரியை அடித்தாள். பின்னறையில் யார் இப்படிச் சிரிப்பது என்று பார்க்கத் தர்ஷினி முன்னறையிலிருந்து எழுந்து வந்தாள்.