மஞ்சள் துணி கட்டிய கடலைச் செடி

போன வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் அவித்த கடலை தின்றேன். நாலைந்து காய்தான். உப்பு அளவாக, பருப்பு பதமாக... அடடா, பிரமாதம்!

இன்னும் அது தொண்டையை விட்டு இறங்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

சதாசிவம் என்று எனக்கு ஒரு சிநேகிதர். சர்க்கார் விவசாய இலாகாவில் எண்ணெய் வித்துப் பயிர்களுக்கான உதவியாளர். மனுஷருக்குக் கல்யாணம், கச்சேரி, யுத்தச் செய்தி எதுவும் காதில் ஏறாது. எப்போதும் கடலைதான். நிலக்கடலையில் விழும் டிக்கா நோய்தான் அவருக்கு ஜன்ம விரோதி.

அது ஒரு பூஞ்சைக் காளான். இலையில் கரும்புள்ளியாக விழும். நாலு நாள் தூறல் போட்டால் போதும்... கடலைக்காடு முழுக்கப் பரவி, இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சி நிற்கும். இலை போனால் காயில் பருப்பு ஏது? பிடுங்கிப் பார்த்தால் அத்தனையும் பொக்கு. கந்தகத் தூள் தூவலாம் என்பார்கள். கந்தகம் எங்கே இருக்கிறது? அதுவும் யுத்தத்துக்குப் போய்விட்டது.

சதாசிவம் வேறு வழி பார்த்தார். நிலக்கடலையிலே தரையில் படரும் ரகமான கொடிக்கடலை இந்த நோயை ஓரளவு தாங்கும். ஆனால் விளைய நாளாகும் — அதற்குள் நம் பெரம்பலூர்ச் சீமையில் மழை கம்பி நீட்டிவிடும். நிமிர்ந்து வளரும் ரகமான கொத்துக்கடலை சீக்கிரம் விளையும். ஆனால் டிக்கா என்றால் முதலில் சாய்வது அதுதான். இரண்டுக்கும் கல்யாணம் பண்ணி வைத்தால் என்ன? அப்பனுடைய தெம்பும் ஆத்தாளுடைய சுறுசுறுப்பும் சேர்ந்த பிள்ளை பிறக்காதா?

சொல்ல எளிது. கடலைப் பூ பொழுது விடியும்போதே தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிடும். அதனால் முதல் நாள் சாயங்காலமே மொட்டைப் பிரித்து, ஆண் பாகத்தை ஊசியால் கிள்ளி எடுத்து, மறுநாள் விடியலில் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். முக்கால்வாசிப் பூ அதற்குள் வாடிப்போகும். இப்படி வருஷக்கணக்கில் குனிந்து குனிந்து மனுஷருக்கு முதுகே வளைந்துவிட்டது.

பிறந்த பிள்ளைகள் எப்படி? நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கவில்லையா? அப்பாவின் மூக்கும் அம்மாவின் பொறுமையும் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டால், அம்மாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் வந்து நிற்கும். பேரன் பேத்தித் தலைமுறை வரைக்கும் விதைத்துப் பார்த்தார். நோயைத் தாங்கியது நாள் கடத்தியது. சீக்கிரம் விளைந்தது புள்ளி விழுந்து செத்தது.

இந்த வருஷம் சிறுவாச்சூரில் பச்சமுத்து என்பவரின் காட்டில் ஆடிப் பட்டத்தில் விதைத்தார். ஐப்பசியில் காடே கருகிப்போய் நின்றது. நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப் பசேல் என்று! புள்ளியே இல்லை. காயும் முற்றிக்கொண்டிருந்தது.

மனுஷர் நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. “சார், பொறந்துட்டான் சார்! நம்ம புள்ளை பொறந்துட்டான்!” என்றார். என் மனைவி பயந்துபோய், “யாருக்குங்க?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கெழம நல்ல நாளா இருக்கு. பிடுங்கி வெத எடுக்கப் போறேன். நீங்க வந்து பாக்கணும்” என்று எனக்கு அழைப்பு. செடிக்கு அடையாளம் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். தகரச் சீட்டு கிடைக்கவில்லையாம். காகிதம் மழையில் கரைந்துவிடுமாம். துணிக்கும் கண்ட்ரோல். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையைக் கிழித்து, ஒரு துண்டைச் செடியில் கட்டியிருக்கிறார். பச்சமுத்துவின் மனைவி செல்லாயியிடம், “இந்தச் செடியை யாரும் தொடப்படாது. ஆடு மாடு அண்டாம பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். கரி பஸ் பாடாலூரில் படுத்துக்கொண்டது. அடுப்பைக் கிளறி, கரியைக் கொட்டி, சக்கரத்தைச் சுழற்றி... சிறுவாச்சூர் வந்து சேரும்போது உச்சி வெயில். காளி கோவில் வாசலில் நல்ல கூட்டம். ஓர் அம்மாள் சின்னப் பானையிலிருந்து அவித்த கடலை எடுத்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பெரசாதம்ங்க. எடுத்துக்குங்க ஐயா.”

பசி. தின்றேன். வீட்டுக்கு இருக்கட்டும் என்று ஒரு காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காட்டுக்குப் போனால், சதாசிவம் தரையில் மண்டிபோட்டு வெறுங்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு குழி. பச்சமுத்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“செடி எங்கே?” என்றேன்.

“வெடியக்காலையில எம் பொஞ்சாதிதானுங்க பிடுங்குனா” என்றார் பச்சமுத்து. “எங்கிட்ட சொல்லிட்டுத்தான் பிடுங்குனா.”

அந்த நேரத்தில் வரப்பில் செல்லாயி வந்தாள். கோவில் வாசலில் கடலை கொடுத்த அதே அம்மாள்தான்! கையில் அதே பானை, காலி. நெற்றி நிறையக் குங்குமம். சதாசிவத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயா வந்துட்டீங்களா! ஒங்க நேத்திக்கடனை நானே செலுத்திட்டு வந்துட்டேங்க.”

“என்ன நேத்திக்கடன்?”

“மஞ்சத்துணி கட்டியிருந்தீங்கள்ல? காடு பூராவும் செடிக்கு அம்மை போட்டிருக்கு. அது ஒண்ணத்தான் ஆத்தா முத்து போடாம வுட்டுவச்சுது. நீங்களும் யாரும் தொடப்படாதுன்னீங்க. நேந்து வுட்ட செடின்னு நான் குளிக்காம அது பக்கமே போனதில்லீங்க. காயும் முத்திடுச்சு, வெள்ளிக்கெழமையும் வந்துச்சு, படைச்சுட்டேன்.”

இலையில் புள்ளி விழுந்தால் இவர்களுக்கு அது அம்மை. அம்மை என்றால் அம்மன். அம்மன் என்றால் மஞ்சள் துணி. இதில் எங்கே தப்பு கண்டுபிடிப்பீர்கள்?

சதாசிவம் மண் கையோடு அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தார். “பச்சையா... பச்சையா ஏதாச்சும் மிச்சம் இருக்கா தாயி?”

“அவிச்சுத்தான படைக்கணும்? அம்மை போட்டிருக்கறப்ப வறுக்கவோ தாளிக்கவோ கூடாதுங்களே. ஒரு காயிகூட மண்ணுல வுடல. ஆத்தாளுதை வுடலாமா?”

அப்படியும் அவர் கிளறினார். கிளறிக் கிளறி ஒரு காயை எடுத்தார். உடைத்தார். உள்ளே பருப்பில்லை, வெறும் தோல். அதையும் கீழே போடாமல் வெகு நேரம் கையில் வைத்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? திட்ட ஒரு ஆள் கிடைத்தால்கூட மனசு ஆறுமே!

சட்டைப் பையிலிருந்த காயை எடுத்து நீட்டினேன். நல்ல முற்றின காய், அவித்த காய். அவர் அதை வாங்கி, என்ன நினைத்தாரோ, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “மறுபடி ஆரம்பிக்கலாமே?”

“ஆரம்பிக்கலாம் சார். அதே மாதிரி ஒண்ணு பொறக்கணுமே? ஒரு வூட்ல பத்துப் புள்ளை பொறந்தாலும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கா? ஆபீஸ்ல வேற, யுத்தம் முடியறவரைக்கும் இதெல்லாம் வேணாம், தானியத்தைப் பாருன்னுட்டாங்க.”

எனக்கு ஒன்று தோன்றியது. பரம்பரைக் குணத்தைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் பேசிய மனுஷர், செல்லாயியிடம் சொன்னது ‘தொடாதே’ மட்டும்தான். படித்தவர்கள் நாம் எல்லோருமே அப்படித்தான். ஏன் என்பதைச் சொல்வதில்லை. ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொள்கிறார்கள். அவளைப்போல் அந்தச் செடியைக் காப்பாற்ற சதாசிவத்தாலும் முடிந்திருக்காது... பிடுங்கிய அந்த விடியல் வரைக்கும்.

நாங்கள் கிளம்பும்போது அவள் சொன்னதுதான் காதில் நிற்கிறது. “அடுத்த வருசமும் ஒரு செடிக்குத் துணி கட்டுங்கய்யா. நானே செலுத்திடறேன்.”

மஞ்சள் பையில் பாதித் துணி இன்னும் மிச்சம் இருக்கிறது. கட்டத்தான் செடி இல்லை.