கிளாஸ் அக்காவின் தட்டு

ஒரு பொருளை வாழ்நாள் முழுவதும் விலக்கி வைக்க நினைப்பவர் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? கிளாஸ் அக்காவைப் பார்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வி எழும். ஏனென்றால் அவர் நின்ற தூரம் ஒரு முழம்கூட இல்லை.

பெரிய ஹோட்டல் ஒன்றில், பாருக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் அவருக்கு வேலை. இரண்டு எஃகுத் தொட்டிகள், ஒன்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். சுவர் நீளத்துக்குக் கம்பித் தட்டுகள், அவற்றில் தலைகீழாகக் காயும் கண்ணாடிக் கோப்பைகள். வெளியே பாட்டும் சிரிப்பும் நடக்க, உள்ளே ஆவியில் நின்றபடி அவர் கழுவுவார். கழுவியதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். லிப்ஸ்டிக் கறை எளிதில் போகாது. தட்டு நிறையக் கோப்பைகளோடு, இடுப்பால் கதவை இடித்துத் திறந்துகொண்டு அவர் வெளியே போவதைப் பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். அவருக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு கோப்பை உடைந்தது என்றும், அதுவும் பார்மேன் எதிரே வந்து மோதியதால்தான் என்றும் சொல்வார். பார்மேன் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அவருடைய சபையில் யாருமே குடிக்கக் கூடாது என்பது போதனை. ஆனால் மதுவைத் திட்டிப் பேசும் வழக்கம் அவரிடம் இல்லை. "நாத்தம்னு பொய் சொல்ல மாட்டேன், சிலது நல்லாத்தான் மணக்குது" என்பார். ஆசை எழாத ஒருவர் குடிக்காமல் இருப்பதைப் பெரிதாகக் கொண்டாட ஒன்றுமில்லை என்று யாராவது வாதிட்டால், அக்கா முதல் ஆளாகத் தலையாட்டுவார்.

பார்மேனுக்கு அவரைச் சீண்டுவதில் தனி மகிழ்ச்சி. வேலை மந்தமான ஒரு மாலையில் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"உங்க ஏசுவே கல்யாண வீட்டுல தண்ணிய மதுவா மாத்தினாராமே அக்கா?"

"ஆமா தம்பி. அவர் தண்ணிய அதா மாத்தினார். நான் அதைத் தண்ணி விட்டுக் கழுவுறேன். வேலையப் பிரிச்சுக்கிட்டோம்."

அவன் விடவில்லை. பவுல் தன் சீடன் தீமோத்தேயுவிடம் வயிற்றுக்காகக் கொஞ்சம் மது எடுத்துக்கொள்ளச் சொன்னதாகவும் யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"தீமோத்தேயுவுக்கு வயித்துவலி. உனக்கு எங்கடா வலி?"

கோப்பையில் மது சிவந்து மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்காதே என்று வேதத்தில் வரும் ஞானியின் எச்சரிப்பைப் போதகர் பிரசங்கித்த ஞாயிறன்றும் அக்கா வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார். பார்க்காதே என்று எழுதியிருக்கிறது, எனக்கோ பார்ப்பதற்குத்தான் சம்பளம், நான் என்ன செய்ய என்று கேட்டார். போதகர் சிரித்துவிட்டு, பார்த்தவுடன் கழுவிவிடுங்கள் என்றார்.

வேதத்தில் இதைப் பற்றி வரும் இடங்களில் அக்காவை உண்மையில் பிடித்து நிறுத்தியது ஒன்றுதான். சகோதரன் இடறி விழுவதற்குக் காரணமாகுமானால் இறைச்சியும் வேண்டாம், மதுவும் வேண்டாம் என்று பவுல் ரோமருக்கு எழுதிய இடம். மற்ற வசனங்கள் குடிக்கிறவனின் தொண்டையைப் பற்றிப் பேசுகின்றன. இது பக்கத்தில் நடப்பவனின் காலைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பக்கத்தை அக்கா அடிக்கடி திருப்பினார் என்றால், அதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது.

அவருடைய கணவர் லிப்ட் மெக்கானிக். கைராசிக்காரர், வாய் நிறையப் பேச்சு, பல வருடக் குடி. எத்தனையோ முறை விட்டு, எத்தனையோ முறை தொட்டவர். கடைசியாக விட்டது மட்டும் நிலைத்திருந்தது. ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் தன் தொழிலை வைத்தே பதில் சொல்வார்.

"எனக்கு நடுவுல நிக்கிற பட்டன் கிடையாதுங்க. ஒரு மாடி இறங்கினா நேரா அடித்தளம்தான்."

சபைக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். எல்லோரும் அப்பமும் சாறும் பகிரும் திருவிருந்து நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே போய் மரத்தடியில் நிற்பார். உள்ளே கொடுப்பது வெறும் திராட்சைச் சாறுதான், அதுவும் தன் மனைவி காய்ச்சியது என்று தெரியும். ஆனாலும் குட்டிக் கோப்பையில் சிவப்பாக எதையாவது பார்த்தாலே கை தானாக நீளும் என்று பயந்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

அந்த வாரம் ஹோட்டலில் பெரிய விருந்துகள் வரிசையாக இருந்தன. சனிக்கிழமை நேரம் கிடைக்காது என்று அக்கா புதன்கிழமையே கறுப்புத் திராட்சையைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, சபையின் பக்கத்து அறையில் இருந்த பிரிட்ஜில் வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் அலுப்போடு வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் முன் வரிசையில உக்காரலாம்னு இருக்கேன்."

அக்கா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"மரத்தடி போரடிச்சிடுச்சா?"

"எறும்பு கடிக்குது. ஏம்மா, அதுல ஒண்ணும் இருக்காதே?"

"நான் காய்ச்சினதுங்க. பச்சப் புள்ளைக்குக் குடுக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு, இஸ்திரி போட்ட காலரை மறுபடியும் இஸ்திரி போட்டார்.

அக்கா அறியாத ஒன்று நடந்திருந்தது. வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வந்த கீபோர்டு வாசிப்பவர், அவர் தொழிலில் தையல்காரர், பக்கத்து அறையில் வேறு பிளக் கிடைக்காமல் பிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டைச் செருகினார். பாட்டு நன்றாக அமைந்த சந்தோஷத்தில் திரும்பச் செருக மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். வெயில் கொளுத்திய வாரம் அது. மூடிய பிரிட்ஜுக்குள் பாட்டிலில் இருந்த சாறு புளித்துப் பொங்கத் தொடங்கியது.

ஞாயிறன்று காலையில் கோப்பைகளில் ஊற்றும் பொறுப்பு சபை மூப்பருடையது. அவருக்குக் கடும் ஜலதோஷம். பாட்டில் குளிர்ச்சியாக இல்லாததால், அக்கா இப்போதுதான் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். மூடியைத் திருகியபோது புஸ்ஸென்று சத்தம் வந்தது. இந்த முறை ஏதோ விசேஷமாகச் செய்திருக்கிறார் என்று அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்தார். பாட்டில் முழுவதையும் குட்டிக் கோப்பைகளில் ஊற்றி, தட்டின்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்தார்.

தட்டைக் கொண்டுபோவது அக்காவின் பங்கு. அந்தச் சபையில் அதற்கு வேறு யாரையும் யோசித்ததே இல்லை. பாட்டு நடக்கும்போது உள்ளே போய், தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, மேசைக்கு முன்னால் நின்று துணியை எடுப்பார். அதன்பிறகு போதகர் ஜெபிப்பார். அன்றும் அப்படியே வந்தார். முன் வரிசையில், இரண்டு முறை இஸ்திரி போட்ட காலரோடு கணவர் உட்கார்ந்திருந்தார். முகம் பரீட்சைக்கு வந்தவன் போல இருந்தது.

அக்கா ஒரு கையால் துணியை எடுத்தார். எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது. தினமும் மது வாசனையின் நடுவில் நிற்பவருக்கு இரண்டாவது முறை மூச்சிழுக்கத் தேவையில்லை.

பாட்டின் கடைசி வரி முடிந்தது. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். கணவர் அக்காவைப் பார்த்தார். சின்னதாக, பாதி பயமும் பாதி பெருமையுமாகச் சிரித்தார்.

தட்டு கீழே விழுந்தது.

விழுந்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆமென் சொன்னதாகப் பின்னாளில் ஒரு கதை உலாவியது. எல்லாக் கோப்பைகளும் நொறுங்கி, சிவப்பு மேசையின் கால்வரைக்கும் ஓடியது. யார் கையிலிருந்து தட்டு விழுந்தாலும் நம்பலாம், இவர் கையிலிருந்தா? "பாத்து, கால்ல குத்திடப் போகுது" என்று போதகர்தான் முதலில் பேசினார்.

கணவர் அதற்குள் மண்டியிட்டுவிட்டார். அந்த வெள்ளைத் துணியையே எடுத்து, கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கி, தரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை ஓரிடத்தில் நின்றது. துணியை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அக்கா துடைப்பத்தைத் தேடுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் எழுந்து வெளியே போனார். குழாய் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மரத்தடிக்குப் போய்விடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஈரக் கையோடு திரும்பி வந்து, அதே முன் வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தார்.

போதகரின் மனைவி வீட்டுக்கு ஓடினார். உலர்ந்த திராட்சையைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைத்து வடித்துக் கொண்டுவரும்வரை சபை பாடிக்கொண்டே இருந்தது. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, தெரியாத பாட்டையும் பாடினார்கள். கடைசியில் தேநீர்க் கோப்பைகளில் வந்த அந்தச் சாறு, தண்ணீர் கலந்த இருமல் மருந்து போல இருந்தது. அக்காவின் கணவர் அதைத் தேன் போலக் குடித்தார்.

மதியம் தையல்காரர் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். பிடுங்கியபடி கிடந்த பிளக்கையும், பக்கத்து அறையில் காலி பாட்டிலின் வாசனையையும் கண்டுபிடித்திருந்தார். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"பாட்டு நல்லா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொல்லி, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார் அக்கா.

விஷயம் தெரிந்த போதகர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாற்றியிருப்போமே என்று. நியாயமான கேள்விதான். சொல்லியிருந்தால் மொத்தச் சபையும் யார் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கும் என்பதைப் போதகர் யோசித்தாரா என்று தெரியவில்லை. அக்கா அதையும் எடுத்துச் சொல்லவில்லை.

"கண்ணாடி பாஸ்டர். உடையுற பொருள்தானே" என்றார்.

செய்தி ஹோட்டலுக்கும் எட்டியதில் பார்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பழைய கோப்பையையும் இனி அக்கா கணக்கில்தான் எழுத வேண்டும் என்று சமையலறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அக்கா மறுக்காதது அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வீட்டிலும் கணவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த திருவிருந்து வந்தது. அக்கா சனிக்கிழமைதான் சாறு காய்ச்சினார். ஞாயிறு காலையில் பிரிட்ஜின் பிளக்கைத் தையல்காரர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூப்பர் புதுக் கோப்பைகளில் ஊற்றி, துணி போர்த்தினார். பாட்டு தொடங்கியதும் அக்கா முன் வரிசைக்குப் போய், கணவரின் தோளைத் தட்டிப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டைத் தூக்கி அவர் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"நீங்க கொண்டுபோங்க. என் கை சரியில்ல."

அன்று மதியமே அதே கை, பாரின் பின்னால், உயரமாக அடுக்கிய கோப்பைத் தட்டோடு கதவைத் தாண்டிப் போனது. ஒன்றும் விழவில்லை. ஆனால் சபையில் அந்தத் தட்டு அன்றிலிருந்து கணவரின் பங்காக ஆனது, அக்கா அதைப் பிறகு ஒருபோதும் தொடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார்.