கோணல் காலர்

வடக்கனந்தல் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வெள்ளைச் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறேன். கொஞ்ச நாளாக என் காலர்கள் கோணலாகவே வந்தன. "இன்னாமா தச்சிக்கினு இருக்கிற? நெனப்பு எங்க?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

தரத்தைச் சரிசெய்ய வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். என்னைவிடச் சின்னவர். என் மெஷின் பக்கம் வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"என் தப்புதாங்க மேடம். கவனமில்லாம தச்சிட்டேன்."

"அப்படிச் சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்க்கா. ஏன் கோணுதுன்னு தெரியாமலே போயிடும். எந்த நேரத்துல ஜாஸ்தி கோணுது?"

யோசித்தேன். "சாப்பாட்டுக்கு அப்புறம்தாங்க."

மதியம் அவரே என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலர் தைத்தார். அதுவும் கோணியது. "எனக்கும் இப்படித்தான் வருது!" என்று தூக்கிக் காட்டிச் சிரித்தார். மேற்கு ஜன்னல் வெயில் வெள்ளைத் துணியில் பட்டுக் கண் கூசியதில் தையல் கோடே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் அந்த வெயிலில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தவிர வேறு எதையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். கோணல் நின்றது. சூப்பர்வைசரும் இப்போதெல்லாம் கத்துவதற்கு முன் மெஷினைக் குனிந்து பார்க்கிறார்.

நேற்று என் வீட்டுக்காரர், "இன்னா, கொழம்புல உப்பு ஜாஸ்தியா கீது" என்றார். 'என் தப்புதாங்க' என்ற வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஏன்னு பாக்கலாம், எழுந்து வாங்க" என்றேன்.