மூன்றாவது பாட்டில் ஒரு நிமிஷம்

போன வாரம் இந்த இடத்தில் 'ஏழாவது வளைவு' பேண்டின் புது ஆல்பத்தைக் கொஞ்சம் திட்டியே எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லை... ரெக்கார்டிங் ரூமில் எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று கேட்டிருந்தேன்.

பத்திரிகை வந்த அன்று காலையிலேயே ஒரு போன். சத்தியவேட்டில் இருந்து ஒரு வாசகர். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் பாட்டு கேட்பவராம். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த ஒரு நிமிஷம்தான் அந்தப் பாட்டே."

அதில் என்னப்பா இருக்கிறது என்று கேட்டேன். சின்னச் சின்ன மணிகளை வரிசையாக வைத்துத் தட்டுவது மாதிரி ஒரு வாத்தியம், பின்னால் சில்வண்டுச் சத்தம் என்றார். போனை வைத்துவிட்டு ஐந்து தடவை கேட்டேன். மணியும் இல்லை. வண்டும் இல்லை.

மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டு டிபன் சாப்பிடப் போயிருப்பார்கள். நான்? இட்லி ஆறிக்கொண்டிருக்க, என் கவலை ஓட ஆரம்பித்துவிட்டது. போன் கெட்டுப்போனதா? அந்த ஆள் என்னைக் கிண்டல் செய்கிறாரா? இல்லை... காதா?

இந்தப் பையன்களுக்கு நான் எப்படி ரசிகனானேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் புரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நகரியில் பவர்லூமுக்குப் போனவன் நான். ஒரே கூடத்தில் பன்னிரண்டு தறி. அது ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. தறிவேலையின் கடைசி வருஷங்களில் ஸ்பீக்கர் பாக்ஸில் யார் யார் பாட்டையோ போட்டுப் பார்த்தோம். எல்லாம் தறியிடம் தோற்றுப் போயின. இந்தத் திருப்பதிப் பையன்களின் டிரம்ஸ் ஒன்றுதான் தறியைத் தாண்டி வந்தது. அன்றைக்கு ஆனேன் ரசிகன்!

புது ஆல்பத்திலோ சத்தத்தை அடக்கிவிட்டார்கள். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்திருக்கிறார். பாடுகிற பையன் காதோடு பேசுவது மாதிரிப் பாடுகிறான். பாதி தமிழ், பாதி தெலுங்காக வரும் கடைசிப் பாட்டு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மற்றதில் எல்லாம் ஏதோ குறைகிறது... என்னவென்று பிடிபடவில்லை. பழியை பேண்டின் மேல் போட்டுவிட்டேன்.

சரி, வீட்டிலேயே ஒரு டெஸ்ட் வைத்துவிடலாம் என்று மனைவியையும் மகளையும் உட்கார வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். அந்த ஒரு நிமிஷம் வந்தது.

"இன்னாங்க, நின்னுபூடுச்சா?" என்றாள் மல்லிகா.

அப்பாடா! இரண்டு ஓட்டு. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால் - மகள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் முழங்காலில் எதற்கோ தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னுச்சா? நல்லா வந்துக்கினுதானே இருக்குது, நைனா?"

அப்புறம் என்ன. இரண்டு நாள் தூக்கமில்லை. இன்றைக்கு மணிச்சத்தம், நாளைக்கு மகளின் குரல் என்று மனசு கணக்குப் போட்டது. மகளே திருப்பதியில் ஒரு சென்டரில் காது டெஸ்ட்டுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். நானும் மல்லிகாவும் பஸ் ஏறினோம்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினோடு ஒரு பெண். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே பரீட்சைக்குப் பயந்துதான். இங்கே ஃபெயில் ஆகக்கூடாது என்று டாண் டாண் என்று அழுத்தினேன். ஒன்றுகூட விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"சார், நான் மிஷின்ல கைய வச்சா நீங்க அழுத்துறீங்க. இது காதுக்கு டெஸ்ட், கண்ணுக்கு இல்ல. அந்தப் பக்கம் திரும்பி கூர்ச்சோண்டி."

வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. தறிக்கூடத்தில் பேச்சு காதுக்கு வராது. உதட்டையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்வோம். மல்லிகாவும் நானும் அடுத்தடுத்த தறி. எங்கள் கல்யாணப் பேச்சே அப்படித்தான் நடந்தது. இத்தனை வருஷமாகக் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அப்புறம் பட்டனுக்கு வேலையே இல்லை.

கனத்த சத்தமெல்லாம் சரியாகவே கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தம்தான் போய்விட்டது, போனது திரும்பி வராது, ஆனால் காதில் மிஷின் வைத்தால் கேட்கும் என்றார் அந்தப் பெண். நான் பயந்து வைத்திருந்த பெரிய பெரிய வியாதிகளுக்கு முன்னால் இது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனாலும், ஒரு ஆல்பத்தைத் திட்டினேனே... பாதியைக்கூடக் கேட்காமல்!

சும்மா வைத்துப் பாருங்கள் என்று காதுக்குப் பின்னால் ஒரு மிஷினை மாட்டிவிட்டார். முதலில் கேட்டது என் சட்டைக் காலரின் சரசரப்பு. போனில் அந்த மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

வந்தது. ஒவ்வொரு மணியாக வந்தது. நடுவில் ஒரு வண்டு, அப்புறம் ஊர்ப்பட்ட வண்டுகள். ஏதோ குறைகிறது என்றேனே... குறைந்தது இதுதான்.

எதிரில் உட்கார்ந்திருந்த மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாதான் இருக்குது அதுல?"

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? வாராவாரம் பத்தி எழுதுகிறவனாலும் முடியாது!

"நீயும் உள்ள போய் உக்காரு" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் கண் என் உதட்டில்தான் இருந்தது. பிறகு அவளே எழுந்து, கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் வரும்வரை ஆல்பத்தை முதலில் இருந்து கேட்டேன். நல்ல ஆல்பம். டிரம்ஸில் அந்த பிரஷ் எப்படி உரசுகிறது தெரியுமா! பையன்களே, போன வாரம் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள்.

அந்த ஒரு நிமிஷம் மட்டும் கொஞ்சம் நீளம்தான். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.